ஒன்பது ஆய்வேடுகளை எழுதியவர்கள் எங்கே போனார்கள்

எங்கள் ஆய்வகத்தின் மூலையில் ஓர் இரும்பு பீரோ இருந்தது. அதன் மேல்தட்டில், கறுப்பு அட்டையில் தங்க எழுத்துப் பொறித்த ஒன்பது ஆய்வேடுகள் அடுக்கியிருந்தன. எல்லாம் என் பேராசிரியரிடம் முனைவர் பட்டம் முடித்தவர்கள் எழுதியவை. கோவையில் ஒரு பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை அது. சாயக் கழிவுநீரிலிருந்து நிறத்தை எப்படிப் பிரித்தெடுப்பது என்பதுதான் அங்கே எல்லோருக்கும் ஆராய்ச்சி. நான் நான்காம் ஆண்டில் இருந்தேன். திருப்பூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன்.

அந்த வருடம் ஆராய்ச்சி அலுவலகத்திலிருந்து நான்காம் ஆண்டுக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு படிவம் வந்தது. பட்டம் வாங்கி ஐந்து ஆண்டுகள் கழித்து என்ன பணியில் இருக்க விரும்புகிறீர்கள், அதற்காக இப்போது என்ன செய்கிறீர்கள் என்று ஒரு கேள்வி. பதிலுக்கு ஏழு கோடுகள் விட்டிருந்தார்கள். என் பக்கத்து மேசைத் தோழி முதல் கோட்டில் 'உதவிப் பேராசிரியர்' என்று எழுதிவிட்டு மற்ற ஆறையும் காலியாக விட்டாள். நானும் அதையே எழுதினேன். வேறு என்ன எழுதலாம் என்று எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்த முனைவர்கள் எல்லோருமே கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள்.

படிவத்தைக் கொண்டுபோனபோது பேராசிரியர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அவர் பேனாவை மூடும் நேரத்தில் என் கண் பீரோவின் பக்கம் போனது.

"சார், இதையெல்லாம் எழுதினவங்க இப்ப எங்க இருக்காங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். "முதல் ஆள் கொரியாவுக்குப் போனான். அந்தப் பச்சை நாடா கட்டினது, அவன் எங்கயோ ஹைதராபாத்... இல்ல, சென்னையா? மத்தவங்க காலேஜ்ல இருப்பாங்கம்மா. எங்க போவாங்க?"

எங்கே போவார்கள் என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு அது உண்மையான கேள்வியாகவே காதில் விழுந்தது. இந்த மேசைகளில் ஐந்தும் ஆறும் வருடம் உட்கார்ந்த ஒன்பது பேர் என்ன ஆனார்கள் என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. என்னுடையது பத்தாவதாக அந்தத் தட்டில் ஏறப்போகிறது.

அன்று மாலையே ஒன்பதையும் இறக்கி வைத்து நன்றியுரைகளை மட்டும் படித்தேன். ஆய்வேட்டில் ஆள் தெரிவது அந்த ஒரு பக்கத்தில்தான். ஒருவர் விடுதி சமையல்காரருக்கு நன்றி சொல்லியிருந்தார். இன்னொருவர் பழுதான கருவியைச் சரிசெய்ய வந்த மெக்கானிக்குக்கு. நான்காவது ஆய்வேட்டை எழுதிய பெண், கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்ட நாத்தனாருக்கு முதல் நன்றி சொல்லி, அதற்குப் பிறகுதான் பேராசிரியரைக் குறிப்பிட்டிருந்தார்.

அந்த நான்காவது ஆய்வேடு எனக்குப் பழக்கமானது. நான் எடுத்துக்கொண்ட அதே சிவப்புச் சாயத்தில்தான் அவரும் வேலை செய்திருந்தார். தண்ணீரில் எவ்வளவு சாயம் இருந்தால் கருவி என்ன எண் காட்டும் என்று அவர் போட்டிருந்த அட்டவணையை மூன்று வருடமாகப் பயன்படுத்தி வந்தேன். அதில் ஓர் எண்ணை யாரோ பென்சிலால் அடித்து, மேலே வேறொன்று எழுதியிருந்தார்கள். முதல் வருடத்திலேயே நான் இரண்டையும் சோதித்துப் பார்த்துவிட்டேன். பென்சில் எண்தான் சரி. அதில் இருந்த ஏழின் நடுவில் ஒரு குறுக்குக் கோடு, கால் பக்கம் சின்னதாக ஒரு வளைவு. எழுதியவர் யார் என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

இணையத்தில் அந்த அக்காவின் பெயரைத் தேடினேன். ஆய்வேடு முடித்த வருடத்தில் ஒரு கட்டுரை இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

எங்கள் வீடு திருப்பூர் ராயபுரத்தில், வாடகை வீடு. நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் சேர்ந்தார்கள். அப்பா துணி வெட்டும் கட்டிங்கில், அம்மா தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங்கில். அந்த வாரம் சாப்பிடும்போது இந்த ஒன்பது பேர் கதையைச் சொன்னேன்.

அம்மா சிரித்தாள். "எங்க செக்கிங்ல ஒருத்தி கேக்கா, ஒம் மவ டாக்டராயிட்டா ஊசி போடுவாளான்னு. அதெல்லாம் போடமாட்டா, காலேஜ்ல வாத்தியாராவான்னு சொல்லி வச்சிருக்கேன்."

"ஆமா, புரொபசர்" என்றார் அப்பா, சோற்றிலிருந்து கண்ணெடுக்காமல். "எங்க மேனேஜர்கிட்டகூடச் சொல்லியாச்சு."

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை கழிவுநீர் மாதிரி எடுக்க, திருமுருகன்பூண்டியைத் தாண்டி இருந்த ஒரு சாயப்பட்டறைக்குப் போவேன். அங்கே சாயக் கலவையைக் கவனிக்கும் மாஸ்டர் நல்ல மனிதர். நான் போனால் கேனை நிரப்பிக் கொடுத்துவிட்டு டீயும் சொல்வார். அந்தமுறை டீ வரும்வரை அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு டெஸ்டிங் லேபிலிருந்து வந்த அறிக்கை கிடந்தது. துணி சோதனையில் தேறவில்லை என்று அச்சடித்திருந்ததற்குக் கீழே, ஏன் தேறவில்லை என்று யாரோ கையால் நான்கு வரி எழுதியிருந்தார்கள். அதில் ஒரு ஏழு. நடுவில் குறுக்குக் கோடு, காலில் வளைவு.

"ஏனுங்க மாஸ்டர், இதை எழுதினது யாருங்க?"

"அதுங்களா? அவிநாசி ரோட்டு லேப்ல ஒரு அக்கா இருக்குதுங்க. ரொம்பக் கறாருங்க. ஃபெயில்னா ஃபெயிலுதான், ஆர் சொன்னாலும் மாத்தாது. ஆனா ஒண்ணுங்க, ஏன் ஃபெயிலுன்னு எழுதிக் குடுக்கற லேப் அது ஒண்ணுதான்."

கையெழுத்துக்குக் கீழே பெயர் இருந்தது. நான்காவது ஆய்வேட்டில் இருந்த அதே பெயர்தான். முன்னால் 'முனைவர்' இல்லை.

மறுநாள் ஆய்வகத்துக்குப் போகாமல் அந்த லேபுக்குப் போனேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஏ.சி. குளிரில் துணித்துண்டுகளைப் பொத்தல் பலகையில் மாட்டிக்கொண்டிருந்தார் ஒரு அம்மா. வெள்ளைக் கோட்டு, நாற்பதுக்குப் பக்கத்து வயது. நான் எந்தத் துறையிலிருந்து வருகிறேன், என் பேராசிரியர் யார் என்று சொன்னதும் கையிலிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டார்.

"என்னையத் தேடிட்டு வந்தீங்களா? எதுக்குங்க?"

"உங்க ஆய்வேட்டை மூணு வருஷமா வச்சு வேலை செய்யறேங்க்கா."

"அதை இன்னும் படிக்கறாங்களா?" அவர் சிரிக்க ஆரம்பித்து நடுவில் நிறுத்தினார். "அதுல ஒரு டேபிள் தப்புங்க. பென்சில்ல திருத்தி வச்சிருப்பேன், பாத்தீங்களா?"

"பாத்தேங்க்கா. அதைத்தான் நம்பி இருக்கேன்."

அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு கணக்கில் தண்ணீர் சேர்த்த அளவைத் தவறாகப் போட்டுவிட்டாராம். வைவா என்கிற வாய்மொழித் தேர்வெல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. முடிவை அது மாற்றாது, அட்டை போட்டாகிவிட்டது, விடு என்றிருக்கிறார் பேராசிரியர். இவருக்கு மனசு கேட்கவில்லை. பட்டமளிப்பு விழாவன்று கணவரையும் குழந்தையையும் மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு மேலே போய், பீரோவைத் திறந்து, திருத்திவிட்டு வந்திருக்கிறார்.

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். படித்து முடித்த பிறகு என்ன நடந்தது?

"பிளான் எல்லாம் இருந்துச்சு கண்ணு. கொரியாவுல போஸ்ட்டாக், பிஎச்.டி.க்கு மேல ஆராய்ச்சி. லெட்டரே வந்திருச்சு. அந்த நேரம் பையனுக்கு மூச்சிரைப்பு. ஊட்டுல யாரும் போகாதேன்னு சொல்லுல. நாந்தான் போகுல. ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல சேந்தேன். ரெண்டு வருஷத்துல பசங்களே சேராம டிபார்ட்மென்ட்ட மூடிட்டாங்க. அப்பறம் இங்க வந்தேன், லேப் அசிஸ்டென்ட்டா."

"முனைவர் பட்டத்தோடயா?"

"அதைச் சொல்லவே இல்லையே. நாலு இடத்துல சொல்லிப் பாத்தேன். நீங்க ரொம்பப் படிச்சிருக்கீங்க, நிக்க மாட்டீங்கன்னு அனுப்பிட்டாங்க. அஞ்சாவது இடத்துல எம்.எஸ்சி.ன்னு மட்டும் போட்டேன். சேத்துக்கிட்டாங்க."

பட்டம் வாங்க ஐந்து வருடம் பாடுபட்டவர் அதை மறைக்க ஒரே ஒரு வரியை அழித்தார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இருந்ததா என்று கவனித்தேன். சரியாகப் பிடிபடவில்லை.

அவர் மறைத்த பட்டம் வெளியே தெரிந்தது ஒரு மஞ்சள் கறையால். ஏற்றுமதிக்குப் பெட்டி கட்டி வைத்திருந்த வெள்ளைக் குழந்தை உடுப்புகள், பிரித்துப் பார்த்தால் மடிப்பு ஓரங்களில் மஞ்சளாகியிருந்தன. சரக்கே வேண்டாம் என்று, வாங்க இருந்த வெளிநாட்டு பையர் சொல்லிவிட்டான். பனியன் கம்பெனி சாயப்பட்டறையைக் கைகாட்டியது, பட்டறை நூல் மில்லைக் கைகாட்டியது. லேபுக்கு வந்த துணியை எல்லோரும் துவைத்துப் பார்த்தார்கள், தேய்த்துப் பார்த்தார்கள். வழக்கமான சோதனைகள் எல்லாவற்றிலும் துணி தேறியது. இந்த அக்கா மட்டும், மஞ்சள் ஏன் ஓரத்தில் மட்டும் வருகிறது என்று யோசித்திருக்கிறார். மடிப்புக்கு உள்ளே சுத்த வெள்ளை. பாலித்தீன் பை தொடுகிற இடத்தில்தான் மஞ்சள். பழைய கட்டுரைகளைத் தேடிப் படித்து, கறை மேல் ஒரு சொட்டு சிட்ரிக் அமிலம் விட்டுப் பார்த்தார். மஞ்சள் மறைந்துவிட்டது. பை சீக்கிரம் கெடாமலிருக்க அதில் சேர்க்கும் ஒரு பொருள் மெல்லத் துணியில் ஏறி, குடோன் வாசலில் நிற்கும் லாரிகளின் புகையோடு சேர்ந்து மஞ்சளாகியிருக்கிறது. துணியில் குற்றமே இல்லை. பையை மாற்றி, பெட்டிகளை உள்பக்கக் குடோனுக்கு நகர்த்தினார்கள். சரக்கு போய்ச்சேர்ந்தது.

"அன்னிக்கு ஓனர் கூப்புட்டுக் கேட்டாருங்க, அம்மணி உண்மையச் சொல்லுங்க, நீங்க என்ன படிச்சிருக்கீங்கன்னு."

சொன்னபோது லேபில் யாரும் நம்பவில்லையாம். அடுத்த மாதமே அவரைப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். ஆனாலும் பெயருக்கு முன்னால் போடுவதை அவர் திரும்ப ஆரம்பிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "பழகிப்போச்சு" என்றார்.

அவர் வழியாக மற்றவர்களும் கிடைத்தார்கள். அவரிடம் இரண்டு பேருடைய தொலைபேசி எண் இருந்தது, அந்த இருவரிடம் இன்னும் ஐவருடையது. ஒரு மாதத்தில் எட்டுப் பேரிடம் பேசிவிட்டேன். கொரியாவுக்குப் போனவர் திரும்பி வந்து சென்னையில், தண்ணீர் வடிகட்டும் சவ்வு செய்யும் நிறுவனத்தில் இருந்தார். ஒருவர் வீட்டிலிருந்தே காப்புரிமை விண்ணப்பங்கள் எழுதுகிறார். ஹைதராபாத்தில் மருந்துக் கம்பெனியில் ஒருவர். பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு வேதியியல் நடத்தும் ஒருவர், தன் வேலையைப் பற்றி எல்லோரையும்விட சந்தோஷமாகப் பேசினார். கல்லூரியில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மாமனாரின் தென்னந்தோப்பைப் பார்க்கிறார். ஆராய்ச்சி பற்றிப் பேச அவருக்கு விருப்பமில்லை, நல்லபடியாகப் பேசி போனை வைத்துவிட்டார். ஒன்பதாவது ஆள் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

எல்லோரிடமும் ஒரே கேள்விகளைத்தான் கேட்டேன். காலையில் வேலைக்குப் போனதும் முதலில் என்ன செய்வீர்கள்? எது அலுக்கிறது? ஆய்வகத்தில் கற்றதில் எது இன்றும் கைகொடுக்கிறது? எந்தப் படிவமும் இதைக் கேட்டதில்லை. பதில்களைக் கேட்கக் கேட்க எனக்கு ஆவல் அதிகமானது. ஒரு வேலை பிடிக்குமா என்று தெரிய, அதற்குள் சில நாள் நின்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. இரண்டு வாரம் அந்த டெஸ்டிங் லேபில் இருக்க அக்கா சம்மதித்தார். பேராசிரியரிடம் அனுமதி வாங்க வேண்டும்.

"உனக்கெதுக்கும்மா இது?" என்றார் அவர். "ரெண்டு பேப்பர் பாக்கி இருக்கு. வைவா முடியற வரைக்கும் வேற நெனப்பே வேண்டாம்."

நான் எழுதி வைத்திருந்த தாளை நீட்டினேன். எட்டுப் பேர், இப்போது இருக்கும் ஊர், செய்யும் வேலை. கோபப்படுவார் என்று எதிர்பார்த்து நின்றிருந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

"ஸ்கூல்லயா இருக்கான்? ரொம்ப நல்லாப் பேசுவான்... இவ டெஸ்டிங் லேப்லயா? எனக்குச் சொல்லவே இல்லையே."

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லலையாம் சார்."

அவர் தாளை மடிக்காமல் மேசைமேல் வைத்தார். "எனக்குத் தெரிஞ்சது நான் வந்த ஒரே வழிதாம்மா. எல்லாரையும் அதுலயே அனுப்பினேன். அவங்க அதுல போனாங்களான்னு திரும்பிப் பாக்கல." விடுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பள்ளியில் இருப்பவரின் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் கதவைச் சாத்தும்போது உள்ளே அவர் போனில் பேச ஆரம்பித்திருந்தார்.

அந்த இரண்டு வாரம் எளிதாக இல்லை. முதல் நாள் எனக்குக் கொடுத்தது, வெள்ளைத் துணியால் சாயத்துணியைத் தேய்த்து, எவ்வளவு சாயம் ஒட்டுகிறது என்று அளவுகோல் அட்டையோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும் வேலை. பார்க்கச் சுலபம். நான் போட்ட பன்னிரண்டில் ஐந்து தவறு.

"மூணரைன்னு போட்டிருக்க. நல்லாப் பாரு கண்ணு, மூணுதான்" என்றார் அக்கா. "அரை மார்க்குக்கு இங்க ஒரு லாரிச் சரக்கு நிக்கும்."

சாயங்காலத்துக்குள் அறிக்கை போக வேண்டும். ஒரு துணி ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று நான் யோசிக்க ஆரம்பிக்கும்போது அடுத்த பார்சல் வந்துவிடும். அதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. அதே நேரம், காரணம் தெரியாமல் வந்து நிற்கும் ஒரு குறையைத் துருவிப் பார்ப்பது பிடித்திருந்தது. நான்கு வருடமாக நானே தேர்ந்தெடுத்த கேள்விக்கு நானே பதில் தேடிக்கொண்டிருந்தேன். இங்கே கேள்வி வெளியிலிருந்து வந்தது, யாருக்கோ பதில் அவசரமாகத் தேவைப்பட்டது. எனக்கு வேண்டியது இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று புரிந்தது. அப்படி ஓர் இடம் உண்மையில் உண்டா என்பது தெரியவில்லை.

உண்டு என்று சொன்னது, கொரியாவுக்குப் போய்வந்த அந்தச் சென்னைக்காரர். திருப்பூர்ப் பக்கத்தில் பல சாயப்பட்டறைகளின் கழிவுநீர் குழாய் வழியே வந்துசேரும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் ஆய்வுக்கூடத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்றார். ஆய்வேட்டைச் சமர்ப்பித்த மாதம் நேர்காணலுக்குப் போனேன். அங்கே மேலாளர் சான்றிதழ்களைப் பார்க்கவில்லை. இரண்டு பாட்டில்களை என் முன் நகர்த்தினார். சாயம் பிடிக்கப் பட்டறைகள் சேர்க்கும் உப்பு, கழிவுநீரிலிருந்து திரும்ப எடுத்தது. ஒன்று வெள்ளை, இன்னொன்று பழுப்பு.

"ஒரே பிளான்ட்டுங்க, ஒரே மிஷினுங்க. ஒரு நாள் இப்படி வருது, ஒரு நாள் அப்படி வருது. பழுப்பு உப்ப ஒரு பட்டறையும் வாங்க மாட்டீங்கறாங்க. ஏனுங்க இப்படி?"

"தெரியலைங்க" என்றேன். "ஆனா பிளான்ட்டுக்குள்ள மூணு இடத்துல தேடிப் பாக்கலாம்." பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே அந்த மூன்றையும் சொன்னேன். பேச்சு ஒரு மணிநேரம் நீண்டது. நேர்காணலில் இருக்கிறேன் என்பதே நடுவில் மறந்துபோனது.

வேலை கிடைத்த வாரத்தில்தான் நானும் எழுதிப் போட்டிருந்த கொரிய ஆய்வகம் ஒன்றிலிருந்து, நிதி வந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. மூன்று நாள் இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்தேன். கடைசியில் பழுப்பு உப்பு ஜெயித்தது. இன்றும் சில காலைகளில் அந்த ஆய்வகத்தின் இணையப்பக்கத்தைத் திறந்து, புதிதாக யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன்.

அப்பாவிடம் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவர் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார்.

"காலேஜ் இல்லையா?"

"இல்லப்பா."

"சாயத்தண்ணி பிளான்ட்டுக்கா போற? நாங்கதான் ஊர விட்டு வந்து கம்பெனிக்குள்ள கெடக்கோம். நீ கெடக்கக் கூடாதுன்னுதான பிள்ள படிக்க வச்சேன்."

மேனேஜரிடம் அவர் இனி என்ன சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாதான், "அவ படிப்புக்கு அவதான வேலை பாக்கணும், விடுங்க" என்றாள். அப்பா சத்தத்தைக் கூட்டிவிட்டார். இரண்டு மாதம் என் வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆயுத பூஜைக்குப் பிளான்ட்டில் எல்லோரும் குடும்பத்தோடு வருவார்கள். அப்பா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் கிளம்பி நின்றார். சந்தனப் பொட்டு வைத்த மோட்டார்களைத் தாண்டி, கழிவுநீர் வந்து விழும் முதல் தொட்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குனிந்து பார்த்தார். தண்ணீர் அன்று கருநீலமாக இருந்தது.

"எங்க கம்பெனித் துணியில இருந்து வந்த சாயமும் இதுல இருக்கா?"

"இருக்கும்ப்பா. உங்களுக்குச் சாயம் போடுத பட்டறையும் இந்தக் குழாய்லதான் விடுது."

"எது எங்களதுன்னு ஒன்னால சொல்லிர முடியுமா?"

"முடியாதுப்பா. எல்லாம் கலந்துதான வருது."

அவர் தலையாட்டினார். ஆனால் நகரவில்லை. "ஒவ்வொருத்தன் ஒவ்வொரு உப்பு, ஒவ்வொரு சோப்பு போடுதான். எங்க கட்டிங் மாஸ்டர் துணிய மோந்து பாத்தே இன்னார் பட்டறைன்னு சொல்லிருவார். தண்ணியில அப்படி ஒரு அடையாளம் இல்லாமயா போகும்?"

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். எந்தப் பட்டறையின் தண்ணீர் வந்த நாளில் உப்பு பழுப்பானது என்று நான் தேடியதே இல்லை. எல்லாம் கலந்தது என்று எடுத்துக்கொண்டு, கலந்த பிறகு நடப்பதை மட்டுமே மூன்று இடங்களில் தேடிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் அம்மா பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அப்பா ஒரு பொட்டலத்தைக் கையில் வாங்கியபடியே, "நாத்தம் அவ்வளவா இல்லையே" என்று அவளிடம் சொன்னார். நான் அவர்களை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, எந்தப் பட்டறை எந்த மணிக்குத் தண்ணீர் திறந்தது என்று எழுதி வைக்கும் பதிவேட்டை எடுக்க ஆய்வுக்கூடத்துக்கு ஓடினேன்.